வாய்ச் சத்தமே வாத்தியம்: கொன்னக்கோல் எலக்ட்ரானிக் இசை ஆவது எப்படி? சாம்பிள் எடுக்க அனுமதி வேணுமா?

நாக்கைச் சொடுக்குவது, உதட்டால் 'ப்' என்பது, 'தகதிமி' சொல்வது... இப்படி வாயில் பிறக்கும் சத்தங்களை மட்டுமே பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி முழு இசையையும் உருவாக்க முடியும். இதற்குப் பொருத்தமான ஊர்களில் ஒன்று பெங்களூரு. காரணம், கொன்னக்கோல்.

பெங்களூருவுக்கு என்ன தொடர்பு?

மிருதங்கச் சொற்கட்டுகளை வாயாலேயே சொல்லும் கர்நாடக இசைக் கலைதான் கொன்னக்கோல். டி.ஏ.எஸ். மணி 1964இல் பெங்களூருவில் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், வெளிநாட்டு ஜாஸ் கலைஞர்களுடன் சேர்ந்து இயங்கியது. சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் வெளியிட்ட 'ஜோதி' (1983) ஆல்பம் அதில் ஒன்று. அதே ஊரின் மிருதங்கக் கலைஞர் பி.சி. மஞ்சுநாத், 1, 1, 2, 3, 5, 8 என வளரும் ஃபிபனாச்சி எண்வரிசையைக் கொன்னக்கோலில் சொன்ன வீடியோ இணையத்தில் பெரிய அளவில் பரவியது.

இது புதுசா?

இல்லை. இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ, பாடகி கேத்தி பெர்பேரியனின் குரலை டேப்பில் வெட்டி ஒட்டி 1958லேயே ஒரு படைப்பை உருவாக்கினார். ஐஸ்லாந்துப் பாடகி பியார்க்கின் 'மெடுல்லா' (2004) ஆல்பம், கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மனிதக் குரலால் ஆனது.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 'ப்' சொல்லும்போது காற்று மைக்கில் மோதி 'டப்' என்று கேட்கும். அதனால் பாப் ஃபில்டர் அவசியம்.

அடுத்து வேகம். ஒரு சாம்பிளை பாதி வேகத்தில் ஓட்டினால் நீளம் இரட்டிப்பாகும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். அப்போது 'தொம்' பேஸ் டிரம் மாதிரி அதிரும். 'ஸ்' ஒலியில் உயர் அதிர்வெண் இரைச்சல் அதிகம் என்பதால் அது ஹை-ஹாட் வேலையைச் செய்யும். சாம்பிளைச் சில பத்து மில்லி விநாடித் துணுக்குகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சாதாரண 'ஆ' கூட மேகம் போல நீளும்.

சிக்கல் தாளத்தில்தான். மென்பொருளின் கட்டங்கள் பெரும்பாலும் நான்கு நான்காகப் பிரிந்திருக்கும். 'தகதகிட' ஐந்து. ஆட்டோமேட்டிக்காகத் தாளத்தைச் சரி செய்யும் குவான்டைஸ் பட்டனை அழுத்தினால், கண்ட நடையே காணாமல் போய்விடும். கட்டத்தை ஐந்தாக மாற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

இணையத்தில் கிடைப்பதை எடுக்கலாமா?

'தகதிமி' யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் ஒரு கலைஞர் அதைச் சொல்லிப் பதிவான ஒலிக்கு உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள், நிகழ்த்துநருக்கு 50 ஆண்டுகள் பாதுகாப்பு. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு இன்னும் முக்கியம்: நிகழ்த்துநர் தன் பெயரைக் குறிப்பிடக் கோரலாம்; நற்பெயருக்குக் கேடு வரும்படி தன் நிகழ்ச்சியைச் சிதைத்தால் எதிர்க்கலாம். குரலை வெட்டித் திரிப்பதையே வேலையாகக் கொண்ட இசைக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

ஆக, வீடியோ எல்லோரும் பார்க்கும்படி இருப்பதாலேயே அது இலவச சாம்பிள் ஆகிவிடாது. கலைஞர், பதிவின் உரிமையாளர் என இருவரிடமும் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குவதே பாதுகாப்பு.

அனுமதிக்கு அலைய வேண்டாமா? போர்வையைப் போர்த்திக்கொண்டு, செல்போனில் உங்கள் வாய்ச் சத்தத்தையே பதிவு செய்யுங்கள். அந்த சாம்பிளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.