சம்பளக் கணக்கில் சிக்கிய டிரம்ப் நிறுவனம்

டொனால்ட் டிரம்ப்பின் குடும்ப நிறுவனத்தின் மீது நியூயார்க்கில் இரண்டு மோசடி வழக்குகள் நடந்தன. மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் தொடுத்தது கிரிமினல் வழக்கு. மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டீஷியா ஜேம்ஸ் தொடுத்தது சிவில் வழக்கு. 2024இல் 34 குற்றச்சாட்டுகளில் டிரம்ப் குற்றவாளி எனத் தீர்ப்பானது இவற்றில் சேராத தனி வழக்கு.

கிரிமினல் வழக்குக்கு வழிவகுத்தது சம்பளக் கணக்கு. தலைமை நிதி அதிகாரி ஆலன் வைசல்பெர்க்கின் வீட்டு வாடகை, மெர்சிடிஸ் கார்கள், பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் முதலாளி தரப்பிலிருந்தே கட்டப்பட்டன. எதுவும் வருமானமாக வரிக்கணக்கில் ஏறவில்லை. பள்ளிக் கட்டணக் காசோலைகளில் டிரம்ப்பே கையெழுத்திட்டவையும் உண்டு. ஆனால் டிரம்ப் மீது குற்றம்சாட்டக் கையெழுத்து மட்டும் போதாது. வரி ஏய்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று தெரிந்தே போட்டார் என நிரூபிக்க வேண்டும். அதற்கு உள்ளிருந்த ஒருவர் வாய்திறக்க வேண்டும். 2022 ஆகஸ்ட்டில் 15 குற்றங்களை ஒப்புக்கொண்ட வைசல்பெர்க், நிறுவனத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார். முதலாளியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வைசல்பெர்க் தன் லாபத்துக்காகச் செய்தார், நிறுவனத்துக்காக அல்ல என்று வாதாடியது நிறுவனத் தரப்பு. நிறுவனத்துக்கும் இதில் ஆதாயம் இருந்தது என்றது அரசுத் தரப்பு. 2022 டிசம்பர் 6 அன்று இரண்டு துணை நிறுவனங்கள் 17 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளிகள் என ஜூரிகள் தீர்ப்பளித்தனர். அபராதம் சுமார் 16 லட்சம் டாலர். சட்டம் அனுமதித்த உச்சவரம்பே அவ்வளவுதான். பெரும் சொத்துள்ள நிறுவனத்துக்கு இது தண்டனையே அல்ல.

சிவில் வழக்கின் பாதை வேறு. மாநிலச் சட்டத்தின் 63(12) பிரிவில் ஏமாற்றும் எண்ணத்தையோ நஷ்டத்தையோ நிரூபிக்கத் தேவையில்லை. ஆவணம் பொய் என்று காட்டினால் பெரும்பாலும் போதும். டிரம்ப் டவரில் டிரம்ப் குடியிருந்த வீடு 10,996 சதுர அடி. வங்கிகளுக்குப் போன சொத்துக் கணக்கில் அது 30,000 சதுர அடி. வங்கிகள் கடனைத் திரும்பப் பெற்றுவிட்டனவே, யாருக்கு நஷ்டம் என்று டிரம்ப் தரப்பு கேட்டது. பொய்க் கணக்கால் வட்டி குறைந்தது என்பதே அதற்குப் பதில். 2024 பிப்ரவரியில் நீதிபதி ஆர்தர் எங்கோரான் டிரம்ப்புக்கு விதித்தது வட்டி நீங்கலாகச் சுமார் 35.5 கோடி டாலர். 2025 ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொகை மிகையானது என்று ரத்து செய்தது. மோசடி நடந்தது என்ற தீர்ப்பு நின்றது.

அந்த வீட்டின் அளவு பற்றிய விசாரணையில் பொய் சொன்னதாக 2024இல் வைசல்பெர்க் ஒப்புக்கொண்டார். வரி வழக்கில் விதித்ததைப் போலவே மறுபடியும் ஐந்து மாதச் சிறை.