உடல் வாசித்த கடல்

கடலைப் பாடாத மொழியில்லை. கலைஞன் கடலைப் பார்க்கின்றான். பார்த்ததை வரைகின்றான், பாடுகின்றான் என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். கண்ணுக்கு எட்டாததையும் உடல் அறியும் என்பதையும், அந்த அறிவிலிருந்தும் கலை பிறக்கும் என்பதையும் இன்று நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன். பசுபிக் சமுத்திரத்திலுள்ள மார்ஷல் தீவுகள் இதற்கு நல்ல உதாரணம்.

அவை மிகத் தாழ்ந்த பவளத்தீவுகள். சில மைல் தூரம் சென்றாலே கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் பெருங்கடலின் அலைகள் ஒரு தீவில் மோதி வளைகின்றன, திரும்புகின்றன. அந்த மாற்றம், தீவு தெரியாத தூரத்திலும் படகின் அசைவை மாற்றுகின்றது. தேர்ந்த மாலுமி அதைத் தன் உடலால் உணர்ந்து தீவின் திசையைச் சொல்லுவான்.

இதைக் கற்பிக்கத் தென்னை ஈர்க்குகளை வளைத்துக் கட்டிப் படங்கள் செய்தார்கள். ஈர்க்குகள் அலைகளைக் குறித்தன. சோகிகள் தீவுகளைக் குறித்தன. கரையில் வைத்து மனதிற் பதித்துக்கொள்வதே வழக்கம். கடலுக்கு எடுத்துச் செல்வதில்லை. இன்று நூதனசாலைகளில் கலைப்பொருள்களாக வைக்கப்பட்டிருக்கும் இவற்றை, உடல் உணர்ந்ததற்கு எழுதிய சுரக்குறிப்பு என்றே நான் கொள்கின்றேன். சுரக்குறிப்பு மட்டும் பாட்டாகிவிடாது. பாடத் தொண்டை வேண்டும்.

அந்தத் தொண்டைக்கு என்ன நேர்ந்தது? 1946 முதல் 1958 வரை ஐக்கிய அமெரிக்கா இத்தீவுகளில் 67 அணுப் பரிசோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1ஆம் திகதி பிக்கினியில் வெடித்த குண்டின் நச்சுச் சாம்பல் ரொங்கெலப் தீவில் விழுந்தது. இரண்டு நாட்களின் பின் மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். ரொங்கெலப், கடலோடும் கலையைக் கற்பித்த இடம். ஈர்க்குப் படங்கள் நூதனசாலைகளில் பத்திரமாக இருந்தன. கற்பிக்கும் மரபோ குலைந்தது.

இத்தகைய அறிவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடந்தேடிக் கொடுத்தவர் எபெலி ஹவ்ஒபா. பசுபிக்கைத் தூரத்தில் சிதறிய சிறு தீவுகளாக அன்றி, தீவுகள் நிறைந்த ஒரே கடலாகக் காணவேண்டும் என்று 1993இல் வாதிட்ட எழுத்தாளர் அவர். 1997இல் பிஜியின் சுவா நகரில், தென்பசுபிக் பல்கலைக்கழகத்தில் ஓஷியானியா கலை நிலையத்தைத் தொடக்கினார். அங்கு ஆடலும் ஓவியமும் சிற்பமும் செய்து செய்தே கற்கப்பட்டன. 2013இல் அந்நிலையம் அரங்கேற்றிய 'மோவானா' என்ற ஆடல்பாடல் நாடகம், கடல்மட்டம் உயர்வதைப் பொருளாகக் கொண்டது. விஞ்ஞானி அளந்து சொல்லும் உயர்வு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை ஆடுபவர் தம் உடலால் ஆராய்கின்றார். ஆதலால் அதையும் ஆராய்ச்சி என்பேன்.

ஒரு கலையைப் பாதுகாத்துவிட்டோம் என்று சொல்லுமுன், அதை உடலில் வைத்திருப்பவர் இன்னும் இருக்கின்றாரா என்று நாம் கேட்க வேண்டும்.