இறால் ஓடும் விரல் நாணும்

கொச்சியின் இடக்கொச்சியிலிருந்து பாலம் ஏறி இறங்கினால் அரூர், கடல் உணவு ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர். இந்தப் பக்கத்துப் பீலிங் ஷெட்டுகளில் கால்கடுக்க நின்று இறால் உரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உரித்த ஓடு அன்று வெறும் கழிவு. குவிந்து கிடந்து நாறும், இல்லையென்றால் காயலில் போய்ச் சேரும்.

மீன் வெட்டும் இடத்தில் கத்தி வழுக்குவது புதிதல்ல. உள்ளங்கை மடிப்புக்கும் விரலின் நடு மூட்டுக்கும் இடையே வெட்டு விழுந்தால், வெளியே இரண்டு தையல் போடும் அளவுக்குத்தான் காயம் தெரியும். ஆனால் விரல் மடங்காது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் உள்ளே அறுந்திருக்கும்.

அந்த இடத்தில் குறுகலான உறைக்குள் இரண்டு நாண்கள் ஒன்றையொன்று உரசி ஓடுகின்றன. தைத்தால் ஆறும். ஆனால் ஆறும்போதே உறையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துப்போகும். அதனால், அங்கே உடனே நாணைத் தைக்காதீர்கள், தோலை மட்டும் மூடுங்கள் என்றார் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல். வெகுகாலம் அதுவே நடைமுறை. பிறகு வேறிடத்திலிருந்து நாண் எடுத்து வைப்பார்கள். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்றே மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறுபோல ஒன்று புடைத்தால், அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. அப்போது காலில் கை வைக்க வேண்டும்.

இந்த ஒட்டுவேலையை வேலூர் சிஎம்சியில் பால் பிராண்ட் மிக உயரத்துக்குக் கொண்டுபோனார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, 1940களின் இறுதியிலிருந்து, வேலை செய்யும் தசையின் நாணைத் திருப்பிவிட்டார். நீளம் போதாதபோது, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணை இணைத்து, நான்கு விரல்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். அந்தக் கைகளில் சில பிறகு தச்சு வேலை பழகின. தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையான பக்கங்கள் அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

1960களில் அமெரிக்காவின் லூயிவில்லில் ஹரோல்ட் கிளைனர்ட் பன்னலின் தடையை மீறினார். அறுந்ததை உடனே தைத்து, விரல் நுனியில் ரப்பர் பேண்டு கட்டி, நாள் கடத்தாமல் அசைக்கவைத்தார். ஒட்டுதல் குறைந்தது. அசைவுதான் மருந்து என்பது அங்கே தெரிந்தது.

இன்றைய கதை கொச்சியிலேயே நடக்கிறது. 2015 ஜனவரியில் இந்தியாவின் முதல் கை மாற்று அறுவை சிகிச்சையை அமிர்தா மருத்துவமனையில் சுப்பிரமணிய ஐயர் குழு செய்தது. எலும்பு, ரத்தக்குழாய், நரம்பு ஆகியவற்றோடு நாண்களையும் இணைத்தாக வேண்டிய வேலை அது. அதே நிறுவனத்தின் நானோ அறிவியல் மையத்தில் ஆர். ஜெயக்குமார் குழு, விரல் நாணுக்காக, செல்கள் பற்றி வளரும் ஒரு சட்டகத்தை 2016இல் வெளியிட்டது. உடலில் மெல்லக் கரையும் பாலிலாக்டிக் அமிலத்தை உயர் மின்னழுத்தத்தில் ஊசிமுனையிலிருந்து இழுத்து, எல்லாம் ஒரே திசையில் படியும்படி நானோ இழைகளாக நூற்றார்கள். மேலே கைட்டோசானும் கொலாஜனும் கலந்த ஜெல் பூசி, சுருட்டி, வெளியே ஆல்ஜினேட் உறை போட்டார்கள். பன்னலைப் பயமுறுத்திய ஒட்டுதலைத் தடுக்கத்தான் அந்தக் கடைசி உறை.

ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது. கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து. ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் புரதத்தை நீக்கினால் கைட்டின். அடர்காரத்தில் மேலும் வேகவைத்தால் கைட்டோசான். இதைத் தொழிற்சாலைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் கொச்சி வில்லிங்டன் தீவின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. ஷெட் வாசலில் நாறிய ஓட்டுக்கு இப்படி ஒரு வாழ்வு வந்தது எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

சட்டகம் மட்டும் நாண் ஆகிவிடாது. நாண் செல்களைத் தட்டில் சும்மா வளர்த்தால், அவை மெல்லத் தம் குணத்தை இழக்கின்றன. இழுபட்டால்தான் கொலாஜனை ஒரே திசையில் அடுக்குகின்றன. 2004இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், எலியின் நாண் செல்கள் இரண்டு பிடிப்புகளுக்கு நடுவே தாமே திரண்டு நாண் போன்ற திசுவாயின. 2022இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், மனிதத் தோள்போல் அசையும் ரோபோ மூட்டில் பொருத்தி இரண்டு வாரம் செல் வளர்த்தார்கள். கிளைனர்ட் ரப்பர் பேண்டில் கண்டதைத்தான் செல்லும் கேட்கிறது.

இந்த ஆய்வக நாண்களில் எதுவும் இன்னும் வார்டுக்கு வந்து வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை. இன்று விரல் நாண் அறுந்தால், தாமதிக்காமல் தையல், பல வாரப் பயிற்சி, கனமான வேலைக்குத் திரும்ப ஏறத்தாழ 3 மாதம். தினக்கூலிக்காரருக்கு அந்த 3 மாதம்தான் பெரிய காயம். காலைக் கீறாமல் ஒட்டுநாண் கிடைத்தால் ஒரு காயமாவது குறையும். ஆனால் ஆய்வகத் திசுவுக்கு வளர்ந்த நாணின் பலம் இன்னும் வரவில்லை. எலும்போடு சேரும் முனை அதைவிடக் கடினம். அங்கே நாண் படிப்படியாகக் குருத்தெலும்பாகி, சுண்ணாம்பு ஏறி, எலும்பாகிறது. அத்தனையும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள்.