ஒரு ஸ்பூன் என்றால் எத்தனை கிராம்?

சமையல் குறிப்பில் ‘மைதா 100 கிராம்’ என்று போட்டிருக்கும். வீட்டில் இருப்பதோ டம்ளரும் ஸ்பூனும்தான். குத்துமதிப்பாகப் போட்டுச் சமாளித்துவிடுகிறோம். பலகாரம் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் பரவாயில்லை, சாப்பிட்டுவிடலாம். ஆனால் மருந்துக்கும், ரத்தக் கொதிப்பு உள்ளவரின் உப்புக்கும், பேதியாகும் குழந்தைக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தண்ணீருக்கும் குத்துமதிப்பு ஆகவே ஆகாது.

ஸ்பூன் அளப்பது இடத்தை; தராசு அளப்பது எடையை. 5 மி.லி. டீஸ்பூனில் தண்ணீர் 5 கிராம் இருக்கும். அதே ஸ்பூனில் தலை தட்டி எடுத்தால் தூள் உப்பு சுமார் 6 கிராம், சர்க்கரை 4 கிராம், மஞ்சள் தூள் 3 கிராம், சுக்குப் பொடி 2 கிராம்தான். ஸ்பூன் ஒன்றே, எடை வேறு வேறு!

மருந்து அளவு

‘தினம் 2 கிராம் சுக்குப் பொடி’ என்று சொன்னால், ‘ஒரு ஸ்பூன்தானே டாக்டர்?’ என்று கேட்பார்கள். எந்த ஸ்பூன்? 15 மி.லி. பிடிக்கும் டேபிள் ஸ்பூனில் குவித்து எடுத்தால் 10 கிராமை நெருங்கிவிடும். ஐந்து மடங்கு! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நம் முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள். சூரணம் சாப்பிட மூன்று விரல் நுனியால் எடுக்கும் திரிகடி, ஐந்து விரல் நுனியால் எடுக்கும் வெருகடி என்று அளவு வைத்தார்கள். மருந்து செய்யும்போதோ குன்றிமணி, கழஞ்சு, பலம் என்று நிறுத்தே போட்டார்கள். திரிகடுகத்துக்கு சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு என்றால் சம எடை என்றுதான் அர்த்தம். டம்ளரில் அளந்தால் மிளகு நெருக்கமாக உட்காரும். திப்பிலி குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து இடத்தை அடைக்கும். டம்ளர் சமம், எடை சமமில்லை. மளிகைக் கடையிலேயே நிறுத்து வாங்கிவிடுங்கள்.

உப்பு விஷயம்

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பே அதைத் தாண்டிவிடுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கல் உப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் ஒரு ஸ்பூனுக்கு எடை குறையும். கல் உப்பிலிருந்து தூள் உப்புக்கு மாறியவர்கள் பழைய ஸ்பூன் கணக்கிலேயே போட்டால், தெரியாமலே உப்பு கூடிவிடும்.

குழந்தைக்கு பேதி ஆகும்போது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் நல்லது. முழுப் பாக்கெட்டையும் அதில் குறிப்பிட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும். அவசரத்துக்குக் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. வாயில் விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகம் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. இதைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போய்விடுங்கள்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க

தராசு இல்லையே என்கிறீர்களா? இருமல் டானிக் பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடி இருக்கிறதல்லவா? அதில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து உங்கள் ஸ்பூனில் ஊற்றுங்கள். விளிம்பு வரை சரியாக நிரம்பினால் அதுதான் டீஸ்பூன்.

அடுத்து, 50 கிராம் பொடி பாக்கெட் ஒன்றைப் பிரித்து, கத்தியின் முதுகால் தலை தட்டித் தட்டி எண்ணுங்கள். 25 ஸ்பூன் வந்தால், ஒரு ஸ்பூன் 2 கிராம். அழுத்தித் திணிக்க வேண்டாம். ஈரம் பட்ட பொடியை அளக்கவும் வேண்டாம்.

கணக்கை ஒரு சீட்டில் எழுதி டப்பாமேல் ஒட்டிவிடுங்கள். அந்த ஸ்பூனை மருந்துக்கென்றே தனியாக வையுங்கள். அடுத்த முறை வைத்தியர் ‘ஒரு ஸ்பூன்’ என்றால், ‘எத்தனை கிராம்?’ என்று தைரியமாகக் கேளுங்கள்.