இருபதுக்குப் பதின்மூன்று

ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இன்னும் என் டைரிக்குள் இருக்கிறது. கிளட்ச் செட் 3,800. சிங்க்ரோ ரிங், பேரிங், சீல் 5,200. பாக்ஸை இறக்கிப் பிரித்து மாட்டக் கூலி 6,500. ஆக 15,500 ரூபாய், ஆயில் தனி. வண்டி 2004 மாடல் மாருதி 800. அதே வாரம் ஒரு புரோக்கர் அதற்குச் சொன்ன விலை 38,000. வண்டி விலையில் நூற்றுக்கு நாற்பத்தொன்றைக் கியர் பாக்ஸ் மட்டும் கேட்டது. சீட்டு எழுதியவர் ஓட்டிப் பார்த்ததோ கடை வாசலிலிருந்து தெருமுனை வரை, போக வர 200 மீட்டர்.

என் புகார் மூன்று. காலையில் முதல் கியர் விழாது. ரிவர்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஓட்டத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் ‘கர்ர்’ரென்று கையில் உதறும். மூன்றும் ஒரே நோய் என்று அவர் சொன்னார், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் முப்பது வருஷம் கணக்கு எழுதிய கை. எண்ணாமல் பணம் கொடுக்காது.

முதல் எண்ணிக்கை, எஞ்சினை அணைத்துவிட்டு. நான்கு கியர், ஒரு ரிவர்ஸ், ஒவ்வொன்றும் 20 தடவை, மொத்தம் 100. சிக்கியது பூஜ்யம். ஆனால் முதல் கியர் என்று நினைத்துப் போட்டதில் 3 தடவை லிவர் மூன்றாவதுக்குப் போய் உட்கார்ந்தது. இரண்டும் மேல்பக்கத்துக் கியர்கள்தான், பக்கத்துப் பக்கத்து வீடு. நியூட்ரலில் லிவரின் குமிழை இடவலமாக ஆட்டி ஸ்கேல் வைத்தேன்: தொளதொளவென்று 6.5 செ.மீ.

இரண்டாவது எண்ணிக்கை, எஞ்சின் ஓட, வண்டி நிற்க, கிளட்சைத் தரைவரை மிதித்து. முதல் கியர் 20-க்கு 9 தடவை முரண்டு பிடித்தது. ரிவர்ஸ் 20-க்கு 17 தடவை கரகரத்தது. ரிவர்ஸுக்கு மட்டும் இன்னொரு சுற்று: கிளட்சை மிதித்தபடி ஐந்து விநாடி காத்திருந்து போட்டேன். அப்போதும் 14.

இந்த 14-தான் வழக்கைத் திருப்பியது. ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. பல்லும் பல்லும் நேராக மோதித்தான் சேர வேண்டும். கிளட்ச் முழுசாக விட்டிருந்தால் உள்ளே வரும் ஷாஃப்ட் சில விநாடியில் சுழன்று ஓய்ந்துவிடும், ஐந்து விநாடிக்குப் பின் சத்தம் வரக் காரணமில்லை. வருகிறதென்றால் ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது, கிளட்ச் பிளேட் இன்னும் ஃபிளைவீலை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஞ்சின் நின்றிருக்கையில் 100-க்கு 100 விழுந்த கியர், ஓடும்போது மட்டும் விழ மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது பெடலை.

பெடல் ஃப்ரீ பிளே 45 மி.மீ. இருந்தது. 15-லிருந்து 25-க்குள் இருந்திருக்க வேண்டும். 800-க்கு ஹைட்ராலிக் எல்லாம் கிடையாது, கம்பிக் கேபிள்தான். வேறொரு மெக்கானிக்கிடம், எங்கள் தெருவில் ஷெட் போட்டிருக்கும் பெரியவரிடம், கேபிளைக் கழற்றச் சொன்னேன். தேங்காய் நார்க் கயிற்றின் நுனி போல விரிந்திருந்தது, இழைகளில் ஏழு அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. “இத வச்சிக்கிட்டா பாக்ஸ இறக்கச் சொன்னாங்க? இறக்கினா செலவு ஏறும் சார்” என்றார். கேபிள் 350, கூலி 200. ஃப்ரீ பிளே 20 மி.மீ.க்கு வந்தது. திரும்ப எண்ணினேன். முதல் கியர் 20-க்கு 1. ரிவர்ஸ், காத்திருந்து போட்டால், 20-க்கு 0.

லிவர் தொளதொளப்புக்கு அடியில் ராடின் புஷ்கள்: 180, கூலி 300. குமிழின் ஆட்டம் 6.5 செ.மீ.யிலிருந்து 2.5 ஆனது. வீடு மாறிப் போவது நின்றது.

மிச்சம் இரண்டாவது கியர். இதுதான் உண்மையில் பாக்ஸுக்குள் இருக்கும் நோய், இதற்குக் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

800-இன் நாலு கியர் பாக்ஸில் இரண்டாவதின் விகிதம் 2.166, மூன்றாவது 1.333, கடைசிக் குறைப்பு 4.35. என் டயர் 145/70 ஆர்12, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர். 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 418 தடவை சுற்றும். அப்போது மூன்றாவது கியரில் எஞ்சினின் சுற்று 2,424. அதே வேகத்தில் இரண்டாவது விழ வேண்டுமானால் உள்ளே வரும் ஷாஃப்ட் 3,938-க்கு ஏறியாக வேண்டும். வித்தியாசம் 1,514 சுற்று. கிளட்ச் மிதித்திருக்கும் அந்த அரை விநாடிக்குள் இந்த 1,514-ஐ ஏற்றிக் கொடுப்பது சிங்க்ரோ ரிங் என்ற ஒரு பித்தளை வளையம், கியரின் கூம்பில் உரசி உரசி. அதன் உட்பக்கத்து நுண்வரிகள் மழுங்கினால் உரசல் பிடிக்காது. வேகம் சமமாகும் முன்பே பல்லோடு பல் மோதும். நமக்குக் கேட்பது அந்த ‘கர்ர்’.

20 கி.மீ.யில் வித்தியாசம் 757, சரிபாதி. ஆனால் வளையத்தின் வேலை பாதி அல்ல. சுழற்சி ஆற்றல் வேகத்தின் வர்க்கப்படி ஏறுவதால் வேலை கால்பங்குதான். எனவே வளையம்தான் தேய்ந்ததென்றால் வேகம் கூடக் கூடச் சத்தம் விர்ரென்று ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு வேளச்சேரி–தாம்பரம் சாலையில் போய் எண்ணினேன். 40-இல் 20-க்கு 13. 20-இல் 20-க்கு 4. கேபிளும் புஷ்ஷும் மாற்றிய பிறகு 40-இல் 11. அந்த 550 ரூபாய்க் கேபிள் இங்கே இரண்டே இரண்டு சத்தத்தைத்தான் குறைத்தது.

அடுத்தது ஆயில். இறக்கியபோது வெயிலில் பார்த்தால் தங்கப் பொடி தூவியது போல மினுங்கியது. உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை அதில் ஆட்டினேன். கொஞ்சம் கறுப்புச் சேறு ஒட்டியது. இரும்புச் சில்லு ஒன்றுகூட இல்லை. மினுங்கிய பொடி காந்தத்தைச் சட்டை செய்யவே இல்லை. பித்தளை. பற்களும் பேரிங்கும் பிழைத்திருக்கின்றன, தேய்ந்தது வளையம் என்று அந்தப் பொடியே வாக்குமூலம் கொடுத்துவிட்டது. பழைய ரசீதில் ‘90 ஆயில்’ என்று மட்டும் இருந்தது, எந்தத் தரம் என்று இல்லை. ஜிஎல்-5 தரத்தில் கந்தக, பாஸ்பரஸ் மருந்து தூக்கல். கனமான கியருக்கு அது நல்லது, பித்தளை வளையத்துக்கு ஆகாது. 75டபிள்யூ-90, ஜிஎல்-4 வாங்கினேன். லிட்டர் 420 வீதம் மூன்று டின் 1,260, கூலி 250. மூன்றாவது டின்னில் பாதிக்கு மேல் மிச்சம், அலமாரியில் இருக்கிறது. 40-இல் எண்ணிக்கை 11-லிருந்து 8.

கடைசிச் சோதனைக்குச் செலவே இல்லை. பழைய லாரி டிரைவர்களின் இரட்டைக் கிளட்ச்: மிதி, நியூட்ரல், விடு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதி, இரண்டாவது. 1,514 சுற்றை வளையத்துக்குப் பதில் எஞ்சின் ஏற்றிக் கொடுக்கிறது. 800-இல் சுற்று காட்டும் மீட்டர் இல்லாததால் காதால்தான் அளக்க வேண்டும். 20-க்கு 0. நோய் வளையத்தில்தான், சந்தேகமில்லை.

இதுவரை மொத்தம் 2,540. மிச்சம் 8 சத்தத்துக்காக இனி பாக்ஸை இறக்குவதா? புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் ஒன்றுக்கு 8,000 சொன்னார்கள். “ஓடுமா?” என்றதற்கு “ஓடும் சார்” என்பதைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. அதன் வளையம் மட்டும் புதுசா இருக்குமா என்ன? புதிதாக வளையம் போட 15,500-ஐக் கொடுப்பதென்றால் அதை வண்டியின் மீதி ஆயுளில் வகுக்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1-இல் 600-லிருந்து 5,000 ஆனது. 2024-இல் அதைக் கட்டினேன். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் 2029 வரைதான் என் கணக்கு: வருஷம் 3,600 கி.மீ., நாலு வருஷத்தில் 14,400. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எட்டுக் காசு. அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் 1983 டிசம்பரில் முதல் 800 வெளிவந்தபோது அதன் விலையே 47,500. அதில் மூன்றிலொரு பங்கை ஒரு பித்தளை வளையத்துக்குக் கொடுக்கக் கை வரவில்லை. 20-க்கு 15 ஆகட்டும், இல்லை கியர் தானாகக் கழன்று வரட்டும், அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் வீட்டம்மா ஓட்டும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். இரட்டைக் கிளட்ச் எல்லாம் அவளுக்குத் தெரியாது. 20-க்கு 1. எப்படி என்று கேட்டேன். “வண்டி நல்லா அடங்கின அப்புறம்தான் நான் ரெண்டாவது போடுவேன்” என்றாள். மீட்டரைப் பார்த்தேன், 15. வளையத்துக்கு என்னிடம் இருக்கும் வேலையில் ஏழில் ஒரு பங்கு.