உங்களுக்குத் தெரியுமா? மார்ச் மாதத்து மகளிர் கூடைப்பந்து

● அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் 350க்கும் அதிகமான மகளிர் கூடைப்பந்து அணிகள் உண்டு. மார்ச்சில் தொடங்கும், என்சிஏஏ என்ற அமைப்பின் தேசியப் போட்டியில் அவற்றில் 68 அணிகளுக்குத்தான் இடம். அந்தந்த லீக்கின் கோப்பையை வென்றவர்கள் நேரடியாக நுழைகிறார்கள். மிச்ச இடங்களைத் தேர்வுக் குழு நிரப்புகிறது. உள்ளே போன பிறகு ஒரு ஆட்டம் தோற்றாலும் வெளியேற வேண்டியதுதான்.

● 68இல் இடம் கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1998 முதல் டபிள்யூஎன்ஐடி என்ற போட்டி சீசன் முடிவில் நடக்கிறது. 2024இல் டபிள்யூபிஐடி என்ற புதிய போட்டியை என்சிஏஏவே தொடங்கியது. அதில் 32 அணிகள். மயிரிழையில் வாய்ப்பை இழந்த நான்கு அணிகளுக்கு அங்கே முதல் தரவரிசை. சீசன் முழுக்க லீக்கில் முதலிடத்தில் இருந்துவிட்டு, கடைசியில் கோப்பைப் போட்டியில் ஒரே ஒரு நாள் சறுக்கிய அணிக்கும் நேரடி அழைப்பு உண்டு. பல மாத உழைப்பை ஒரு நாள் தோல்வி அழித்துவிடக் கூடாது என்பதால், இது மிகவும் நியாயமான ஏற்பாடு.

● இந்த இரண்டாம் நிலைப் போட்டிகளை ஆறுதல் பரிசு என்று நினைப்பவர்கள் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கதையைக் கேட்க வேண்டும். அப்போதைய பயிற்சியாளர் ஆடியா பார்ன்ஸ் அதே கல்லூரியின் முன்னாள் வீராங்கனை. அவர் தலைமையில் 2017-18 சீசனில் அணிக்குக் கிடைத்தவை 6 வெற்றிகள், 24 தோல்விகள். அடுத்த சீசனில் டபிள்யூஎன்ஐடிக்குள் நுழைந்து, சொந்த ஊரான டூசானில் 14,000க்கும் அதிகமான ரசிகர்கள் முன்னால் நார்த்வெஸ்டர்னை 56-42 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்கள். அந்த அணியின் நட்சத்திரம் ஆரி மெக்டொனால்ட். இரண்டே ஆண்டுகளில், 2021இல், அதே அணி தேசிய இறுதி ஆட்டத்தில் நின்றது. இடைவேளையில் பார்ன்ஸ் கைக்குழந்தைக்காகத் தாய்ப்பால் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து அணியை வழிநடத்தினார். கடைசி நொடியில் மெக்டொனால்ட் எறிந்த பந்து வளையத்துக்குள் விழவில்லை. ஸ்டான்ஃபோர்டு 54, அரிசோனா 53. ஒரு புள்ளி!

● தகுதி இருந்தும் விதி தடுப்பதுண்டு. கலிபோர்னியா பாப்டிஸ்ட் பல்கலைக்கழகம் 2021இல் தோல்வியே காணாமல் தன் லீக் கோப்பையை வென்றது. ஆனால் கீழ்ப்பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு மாறிக்கொண்டிருந்த அணிகள் காத்திருக்க வேண்டிய ஆண்டுகள் அதற்கு முடியவில்லை. லீக்கின் இடம் யூட்டா வேலிக்குப் போனது. கலிபோர்னியா பெண்கள் டபிள்யூஎன்ஐடியில் ஆடினார்கள்.

● என்சிஏஏவுக்கு முன்பே பெண்களுக்கான தேசியப் போட்டியை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற அமைப்பு. 1972இல் நடந்த அதன் முதல் போட்டியில் ஃபிலடெல்ஃபியா அருகிலிருந்த இம்மாகுலாட்டா என்ற சின்னஞ்சிறு கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி விளையாடியது. பயணச் செலவுக்குப் பணமில்லாமல் வீராங்கனைகள் பல்துலக்கும் பிரஷ் விற்றார்கள். எட்டுப் பேருக்குத்தான் காசு தேறியது. மண்டலச் சுற்றில் அவர்களை 32 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கிய வெஸ்ட் செஸ்டர் அணியே இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது. இந்த முறை 52-48 என்று வென்றது இம்மாகுலாட்டா! அடுத்த இரண்டு ஆண்டும் பட்டம் அவர்களுக்கே.

● என்சிஏஏ மகளிர் போட்டி 1982இல் 32 அணிகளுடன் தொடங்கியது. முதல் இறுதி ஆட்டத்தில் லூசியானா டெக்கிடம் தோற்ற செய்னி ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்காக உருவான கல்லூரி. அதன் பயிற்சியாளர் விவியன் ஸ்டிரிங்கர்.

● 1982 முதல் 2025 வரை ஒரு போட்டியைக்கூடத் தவறவிடாத ஒரே அணி டென்னசி.

● 16ஆம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வீழ்த்துவது நடக்காத காரியம் என்றே நினைத்திருந்தார்கள். 1998இல் ஹார்வர்டு பெண்கள், ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்தக் களத்திலேயே 71-67 என்று தோற்கடித்தார்கள். அலிசன் ஃபீஸ்டர் மட்டும் 35 புள்ளிகள். ஆண்கள் பிரிவில் இப்படியொரு வெற்றிக்கு இன்னும் 20 ஆண்டுகள் ஆயின.

● 2021இல் ஆண்கள் அணிகளுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம், சான் அன்டோனியோவில் ஆடிய பெண்களுக்கோ ஒரே ஒரு டம்பெல் அடுக்கு என்ற நிலை இருந்தது. ஓரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்து வெளியிட்டார். நாடே கொதித்தது. அதன் பிறகுதான், 2022இல், ஆண்களைப் போலவே பெண்களுக்கும் 68 இடங்களும், ‘மார்ச் மேட்னஸ்’ என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமையும் கிடைத்தன.

● 2024இல் சவுத் கரோலினா - அயோவா மகளிர் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 1.89 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்துக்குக் கிடைத்தது 1.48 கோடி.

● ஆண்கள் அணி என்சிஏஏ போட்டியில் முன்னேறினால் அதன் லீக்குக்குப் பணம் சேரும் முறை 1991இலேயே வந்துவிட்டது. மகளிர் அணிகளுக்கு அது வந்தது 2025இல்தான். ஆண்களுக்குத் தொடங்கிய அன்றே இவர்களுக்கும் தொடங்கியிருக்க வேண்டும்.