பீரங்கி போட்ட எல்லை, ஆறு போடும் எல்லை

1690-இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான ஏற்பாடு: கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டும், குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்கு. இதற்கென்றே சென்னையிலிருந்து பீரங்கி வந்தது. அந்த வீச்சுக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் நின்றுவிட்டது. தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தக் குண்டு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லை போட்டவர்கள் ஆற்றைக் கேட்கவில்லை. கடலூர், சிதம்பரம் கரையோர ஊர்களுக்கு இன்றும் ஆற்றைக் கேட்காத எல்லைகள்தான் ஆபத்து.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு, தாழங்குடா என்று கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. பெயரிலேயே மேடு இருக்கும் ஊர்கள் மூழ்கியதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், 2021 நவம்பரிலும் தென்பெண்ணை இதே பக்கத்தில் கரை மீறியிருந்தது. முறையாக எச்சரித்தோம் என்றது அரசு. எச்சரிக்காமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, எச்சரிக்கை எந்த வழியாக வந்து சேர வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

சாத்தனூர் அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். அங்கிருந்து வரும் தண்ணீர் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களைத் தாண்டிக் கடலூருக்கு வருகிறது. வழியில் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியும் உண்டு. 1993 வரை விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காட்டுக்குள் இருந்தன. அந்த ஆண்டு விழுப்புரம் பிரிந்தது, 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. மாவட்டம் சிறியதானால் மனு கொடுக்கப் போகிறவருக்குப் பஸ் செலவு மிச்சம். பிரித்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆறு எத்தனை மாவட்டங்களைக் கடக்கிறதோ, ஓர் இரவில் அத்தனை கட்டுப்பாட்டு அறைகளில் தொலைபேசி எடுக்கப்பட வேண்டும்.

தெற்கே சிதம்பரம் பக்கம் நிலைமை இன்னும் கடுமை. கொள்ளிடத்தின் வடகரை கடலூர் மாவட்டம். தென்கரை 1991 வரை தஞ்சாவூர், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. முப்பதே ஆண்டில் எதிர்க்கரைக்கு மூன்று கலெக்டர் அலுவலகங்கள்! பழைய கொள்ளிடத்துக்கும் புதிய கொள்ளிடத்துக்கும் நடுவே பெரம்பட்டு, கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், திட்டுக்காட்டூர் போன்ற ஊர்கள் திட்டாகக் கிடக்கின்றன. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் முக்கொம்பு, கீழணை தாண்டி அந்தத் தண்ணீர் இவர்கள் வாசலுக்கு வருகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் வந்தது. அது இங்கே பெய்த மழையால் வந்ததல்ல. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்பதை, வானத்தைப் பார்த்துப் பழகிய யாரும் ஊகிக்க முடியாது. யாராவது சொன்னால்தான் தெரியும். சொன்ன பிறகும் வேலை இருக்கிறது: மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்ட வேண்டும், நெல் மூட்டையைப் பரணுக்கு ஏற்ற வேண்டும், பட்டாவையும் ரேஷன் கார்டையும் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருக வேண்டும், வயதானவர்களைப் படகில் ஏற்ற வேண்டும். இதற்கெல்லாம் பகல் வெளிச்சம் தேவை.

ஆறு முகத்துவாரத்துக்கு வரும் நேரத்தில் ஓதம் ஏறியிருந்தாலோ புயலில் கடல் பொங்கியிருந்தாலோ, கடல் ஆற்றுத் தண்ணீரை வாங்காது. வெள்ளம் வடிய வழியில்லாமல் ஊருக்குள்ளேயே நிற்கும். மேலே எவ்வளவு திறந்தார்கள் என்ற ஒரு கணக்கு மட்டும் இங்கே போதாது.

கடலிலிருந்து வரும் ஆபத்துக்கும் கணக்கு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்தார்கள். கடலிலிருந்து தூரம், தரையின் உயரம், முன்னால் இருக்கும் மரக்காடு ஆகியவற்றோடு உயிரிழப்பு தொடர்புடையது என்றார்கள். அதே புள்ளிவிவரத்தை மறுபடி அலசிய வேறு ஆய்வாளர்கள், தூரமும் உயரமும்தான் பெரும்பங்கு, காட்டின் பங்கு அதில் சொன்ன அளவுக்கு இல்லை என்று வாதிட்டார்கள். பிச்சாவரம் சதுப்புக்காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2022-இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது நல்ல செய்தி. ஆனால் முன்னால் காடு இருக்கிறது என்ற தைரியத்தில் தாழ்ந்த மணலில் வீடு கட்டித் தருவது உயிரோடு விளையாடுவது. இரு தரப்பும் ஒப்புக்கொள்வது உயரத்தையும் தூரத்தையும்தான். பட்டாவில் சர்வே எண் இருக்கிறது, பரப்பு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்பது இல்லை.

ஐப்பசி பிறப்பதற்குள் இந்த ஊர்களின் கிராம சபையில் சில கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டும். சாத்தனூரிலோ கீழணையிலோ நள்ளிரவில் ஷட்டர் ஏறினால் நம் ஊரில் யாருக்குப் போன் வரும்? அவர் எடுக்காவிட்டால் அடுத்தது யாருக்கு? திட்டுக்காட்டூருக்குப் படகு எந்தத் துறையில் கட்டிக் கிடக்கும், அதன் சாவி யார் வீட்டில்?